மேயருக்கு நான் எழுதிய கல்வெட்டு

அன்புள்ள தம்பிக்கு,

நீ சிட்னிக்குப் போய் ஏழு மாதமாகிறது. ஸ்ட்ராத்ஃபீல்டில் இன்னும் இரண்டு பேரோடு வீடு எடுத்திருக்கிறாய், ரயில் நிலையம் கிட்ட, சமையல் முறை வைத்து. இவ்வளவும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தால் நான்தான் எடுக்கிறேன். "ஹலோ அப்பா, இஸ் அம்மா தெயர்?" என்கிறாய். நான் கொடுத்துவிட்டுப் போய்க் கதிரையில் இருந்து பேப்பர் பார்ப்பதுபோல் பாவனை பண்ணுகிறேன். ஏழு மாதத்தில் நாம் இருவரும் பேசியது அவ்வளவுதான். எனக்கு உன்மேல் கோபம். அந்தக் கோபத்தை எழுதித் தீர்க்கத்தான் இன்றைக்குப் பேனை எடுத்தேன். எழுத எழுத அது என் பக்கம் திரும்பிக்கொண்டு வருகிறது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

இதை உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். இங்கத்தைத் தமிழ்ச் சங்கம் ரோனியோ மெசினில் படி எடுத்து விடுகிற மடலில் போடும்படி கொடுத்தபோது, மடலைப் பார்க்கும் நண்பர், "வீட்டுக் கதையை ஏன் நாலு பேருக்குக் காட்டுறியள்?" என்று கேட்டார். நான் பிழை விட்டது நாலு பேர் பார்க்க, அச்சில், என் பெயரைப் போட்டு. திருத்துவது மட்டும் உறைக்குள் என்றால் அது நியாயமில்லை. மெல்பேர்னில் இருக்கிற எங்கள் ஆட்களில் அரைவாசிப் பேருடைய வீட்டில் நான் எழுதிய அந்த மேயர் புத்தகம் கிடக்கிறது. ஒருவரும் விலைக்கு வாங்கவில்லை. நானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஊரில் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், தலைமைக் கிளாக்கராக இருந்த காலத்தில் நான் கல்வெட்டு எழுதிக் கொடுப்பேன் என்பது உனக்குத் தெரியும். இந்த மடலை வாசிக்கும் இந்தியத் தமிழர்கள் கல்லில் செதுக்குவதென்று நினைக்கக்கூடும், அதுவல்ல. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், வீட்டுக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகம். முன்னுக்குப் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, பின்னுக்கு மனைவி மக்கள் புலம்பும் பாட்டு. பாட்டு எனக்கு வராது. வரலாறு என் பொறுப்பு. எதை எப்படிச் சொல்வதென்று எனக்கு ஒரு வழி கைவந்திருந்தது. குடித்துத் திரிந்தவரை நண்பர் வட்டம் பெரியது என்று எழுதுவேன். ஒரு வேலிக்காகச் சொந்தத் தம்பியைக் கோட்டுக்கு இழுத்தவர், உரிமையை விட்டுக்கொடாத நெஞ்சுறுதி உடையவர். பெண்சாதிக்குக் கை நீட்டியவர், கண்டிப்பான குடும்பத் தலைவர். அந்தப் பெண்சாதி அதை வாசித்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். உடனே உள்ளே போய்விட்டார். அதை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

நாட்டின் பெயர் சிலோன் போய் ஸ்ரீலங்காவாக மாறிய வருடம் நாங்கள் இங்கே வந்து இறங்கினோம். உனக்குப் பதினேழு வயது. வந்து கொஞ்சக் காலம் நான் கார்த் தொழிற்சாலையில் கதவுகளுக்கு ரப்பர் ஒட்டினேன். முப்பது பேருக்கு மேலதிகாரியாக இருந்தவன், மணி அடித்தால்தான் கழிப்பறைக்குப் போகலாம். பிறகு ஆற்றங்கரைப் பக்கத்து இந்த நகரசபையில் பழைய கோப்புகளைப் பார்க்கும் வேலை கிடைத்தது. நிலவறையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, சுவர் முழுக்கக் கூட்டக் குறிப்புப் புத்தகங்கள். நீ முதல் தரம் பார்க்க வந்தபோது, "அப்பா, இது ஒரு டஞ்சன்" என்றாய். உனக்குப் பாதாளச் சிறையாகத் தெரிந்தது எனக்குச் சொர்க்கமாக இருந்தது. கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போகிற வேலை.

இங்கே கலர் தொலைக்காட்சி வந்த வருடம் நகரசபைக்கு ஒரு யோசனை பிறந்தது. நகர மண்டபத்து மாடிப்படியில் பெரிய தாடியும் தங்கச் சங்கிலியுமாகப் படத்தில் தொங்குகிறாரே, எனோக் டார்ன்லி, நூறு வருடத்துக்கு முந்திய மேயர், அவருடைய வாழ்க்கையைச் சின்னப் புத்தகமாகப் போடவேண்டும் என்று. ஒருவரும் முன்வரவில்லை. நகரசபைச் செயலாளர் நிலவறைக்கு இறங்கி வந்து, "நீங்கள்தான் இந்தப் புத்தகங்களோடு குடும்பம் நடத்துகிறீர்களே, நீங்களே எழுதுங்கள்" என்றார். அன்றைக்கு நான் வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். குசினி வாசலிலேயே நின்று, சப்பாத்தைக் கழற்றாமல் சொன்னேன். அம்மா, "இனி அந்தத் தாடிக்காரனுக்கும் எங்கட வீட்டில ஒரு கோப்பை சோறு போடவேணும்போல கிடக்கு" என்றா. அதுவும் நடந்தது. ஒரு வருடம் சாப்பாட்டு மேசையில் டார்ன்லியைத் தவிர வேறு பேச்சில்லை.

அந்த மனிதன் கெட்டிக்காரன், அதில் பொய்யில்லை. லங்காஷியரிலிருந்து பத்தொன்பது வயதில் கப்பலில் வந்தவன். இறைச்சிக்காரர் எறிகிற கொழுப்பை வாங்கி ஒரு கொட்டிலில் பானை வைத்துக் காய்ச்சினான். தங்கச் சுரங்கத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் மண்ணுக்கு ஓட, இவன் அவர்களுக்கு மெழுகுதிரி விற்றான். பிறகு உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம். பிறகு ஆற்றங்கரையில் ஆலை, புகைபோக்கி, தொழிலாளர் வீடுகள். நாலு தரம் மேயர். தெருவுக்குக் காஸ் விளக்குக் கொண்டுவந்தது அவன், குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தது அவன், நான் வேலை செய்கிற மண்டபத்தைக் கட்டியது அவன். கூட்டத்தில் யாராவது எதிர்த்துப் பேசினால் கைத்தடியால் மேசையில் தட்டுவானாம். குறிப்புப் புத்தகத்தில் "தலைவர் ஒழுங்கை நிலைநாட்டினார்" என்று இருக்கும். அதை எழுதிய பழைய கிளாக்கரும் என்னைப்போல் மெழுகிப் பூசி எழுதுகிறவன்தான் என்று நான் சிரித்தேன்.

கடைசியில் ஒரு வண்டில்காரனிடம் வந்து சேர்ந்தேன். சவர்க்காரத்துக்கு வேண்டிய காரத்தைச் சுண்ணாம்பு போட்டு எடுத்து, மிஞ்சுகிற வெள்ளைச் சேற்றை வண்டிலில் ஏற்றி ஆலைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் கொட்டுவார்கள். வருடக்கணக்காகக் கொட்டினார்கள். நாற்றமும் சேறும் தாங்காமல் சனம் முறையிட, டார்ன்லி அதன்மேல் ஒரு முழ உயரத்துக்கு மண் போட்டு, புல் விதைத்து, வேலி அடைத்து, ஊருக்குத் தானமாகக் கொடுத்தான். அடுத்த தேர்தலில் மறுபடியும் மேயர். அந்தத் தானத்தை ஏற்ற கூட்டத்திலே, சேறு ஏற்றிய வண்டில்காரன் ஒருவன் யாரிடமோ எழுதுவித்துக் கொடுத்த மனு வந்திருக்கிறது. கையெழுத்துக்குப் பதில் ஒரு புள்ளடி, பெருக்கல் அடையாளம். அந்த வெள்ளைச் சேறு தன் குதிரையின் குளம்பையும் தன் காலின் தோலையும் தின்றுவிட்டது, அதன்மேல் பிள்ளைகளை விடவேண்டாம் என்று. கீழே ஒரே வரி: "கடிதம் பெற்றுக்கொள்ளப்பட்டது." இந்த ஊர் நகரசபையில் அதற்கு அர்த்தம், இனி அதைப் பற்றிப் பேச்சில்லை என்பது. இதை நான் உனக்கும் அம்மாவுக்கும் சாப்பாட்டு மேசையில் நடித்துக் காட்டினேன், கைத்தடி தட்டுவது உட்பட. நீ சிரிக்கவில்லை. "பிறகு அந்த ஆள் என்ன ஆனவன்?" என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை, குறிப்பில் அவன் பிறகு வரவேயில்லை.

புத்தகம் அச்சாகி வந்தது. நீ ஒரே இருப்பில் வாசித்துவிட்டு நிமிர்ந்தாய்.

"அப்பா, அந்த வண்டில்காரன்ர கதை எங்க?"

"அதெல்லாம் இதில போடுறேல்லையடா."

"ஏன்?"

"ஒரு மனுசன்ர நல்லதைச் சொல்லத்தானே புத்தகம் போடுறது."

வண்டில்காரனை விட்டது மட்டும் என்றால் இன்றைக்கு இந்தக் கடிதம் தேவையில்லை. நான் ஒரு படி மேலே போனேன். ஆலைக்குப் பின்னால் தான் பாதுகாத்து வந்த, கைபடாத புல்வெளியை டார்ன்லி ஊர்ப் பிள்ளைகளுக்கு அளித்தார் என்று எழுதினேன். கைபடாத. அந்தச் சொல்லை எங்கும் நான் வாசிக்கவில்லை, யாரும் எனக்குச் சொல்லவில்லை. வசனத்துக்கு அழகாக இருந்தது, போட்டேன். ஊரில் நான் எழுதியதை வாசித்தவர்கள் எல்லோருக்கும் செத்தவரைத் தெரியும். என் வசனத்துக்குப் பின்னால் இருக்கிற ஆளை அவர்கள் தாங்களாகவே பார்த்துக்கொள்வார்கள். இங்கே டார்ன்லியைத் தெரிந்தவர் ஒருவரும் உயிரோடில்லை. நான் எழுதியதுதான் அவர், நான் எழுதியதுதான் அந்த நிலம். இந்த வித்தியாசம் ஒரு தலைமைக் கிளாக்கருக்கு விளங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்தப் புல்வெளியில் பாலர் பள்ளி கட்டப்போகிறோம் என்று நகரசபை அறிவித்தது. நிலத்தைப் பற்றிய அறிக்கையில் என் வசனம் இருந்தது, என் பெயரோடு. நான் அதை வெட்டி அம்மாவுக்குக் காட்டினேன், பெருமையாக. நீ அன்றைக்கே சொன்னாய், போய்ச் சொல்லுங்கள் என்று. அப்போது நீ எஞ்சினியரிங் முடித்து மண் பரிசோதிக்கிற கம்பனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். அதனால் எல்லாம் தெரிந்தவன்போல் பேசுகிறாய் என்று நான் நினைத்தேன். என்னிடம் ஒரு சொல் சொல்லாமல் நகரசபைக்குக் கடிதம் எழுதினாய் என்று இவ்வளவு காலமும் எல்லோரிடமும் உன்னைக் குறை சொல்லி வந்தேன். அது பொய். நீ மூன்று தரம் சொன்னாய். மூன்றாம் தரம் நான் மேசையை விட்டே எழும்பிப் போனேன்.

செயலாளர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் உன் கடிதம். நம் வீட்டு டைப்ரைட்டரில் அடித்தது. வரிசை கொஞ்சம் மேலேறிப் போவதைப் பார்த்ததும் தெரிந்தது. "உங்கள் மகன், இல்லையா? பழைய குறிப்பில் இப்படி ஒரு மனு இருக்கிறதென்று எழுதியிருக்கிறார். முழுவதையும் வாசித்தவர் நீங்கள் ஒருவர்தான். இருக்கிறதா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். இருக்கிறது, எத்தனையாம் புத்தகம், எத்தனையாம் பக்கம் என்று அந்த நிமிடமே சொல்ல என்னால் முடியும். "எனக்கு அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை" என்றேன். அவர் சிரித்து, "இளம் ஆட்கள், இல்லையா" என்றார். நானும் சிரித்தேன்.

வேலை போய்விடும் என்ற பயம் என்று அம்மாவிடம் சொன்னேன், அம்மாவும் நம்பினா. உனக்காவது சரியாகச் சொல்கிறேன். பயம் கொஞ்சந்தான். வெளியீட்டு விழாவில் மேயர் என் கையைப் பிடித்துக் குலுக்கியதும், மாடிப்படியில் அந்தத் தாடிக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் என் பெயர் போட்ட புத்தகம் இருந்ததும், அதைக் கடந்து போகிறபோதெல்லாம் ரப்பர் ஒட்டிய நாட்கள் எனக்கு மறந்துபோனதும்தான் காரணம். ஏச்சு வாங்கியும் அசையாத மனிதன் நான். கச்சேரியில் மந்திரிக்கே முகத்துக்கு நேரே இல்லை என்று சொன்னவன். என்னைப் புகழ்ந்தார்கள், நான் மசிந்தேன். உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை என்றாலும் இதை மட்டும் எடுத்துக்கொள்: உன்னை ஏசுகிறவனிடம் நீ நேராக நிற்பாய், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. உன் பெயரை அச்சில் போட்டுத் தோளில் தட்டுகிறவன் வருகிற அன்றைக்குக் கவனமாக இரு.

நகரசபை உனக்கு இரண்டு வரி பதில் அனுப்பியது, பதிவேடுகளில் அப்படி ஒன்றும் இல்லை என்று. நீ அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாய். ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன், சண்டை பிடித்துச் சமாதானமாகியிருப்போம். நீ ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் சிட்னியில் வேலை எடுத்துக்கொண்டு போயிட்டு வாறன் என்றாய், அதுவும் அம்மாவிடம்.

நீ போய் மூன்று மாதம் இருக்கும். முன் மேசைப் பெண் விடுமுறை எடுத்ததால் என்னை மேலே வந்து இருக்கச் சொன்னார்கள். ஒரு கிரேக்கத் தொழிலாளி வந்தான், இரண்டு கையிலும் கட்டு. வேலைக் காயத்துக்கு நட்டஈடு கேட்கும் பத்திரம் நிரப்பவேண்டும், அவனால் பேனை பிடிக்க முடியவில்லை. பாலர் பள்ளிக்கு அத்திவாரம் வெட்டுகிறவன். என்ன நடந்தது என்று கேட்டேன். அவனுடைய ஆங்கிலம் என்னுடையதிலும் குறைவு. "வெள்ளை மண், மிஸ்டர். சீஸ் மாதிரி. மழைக்குப் பிறகு கையால் அள்ளினேன்" என்றான். கட்டைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினான். நான் பார்த்தேன். மேற்பார்வையாளர் கொடுத்துவிட்ட துண்டில் தோல் ஒவ்வாமை என்று எழுதியிருந்தது. பத்திரத்தில் காரணம் என்ற இடத்தில் நானும் தோல் ஒவ்வாமை என்று எழுதினேன். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கைகளால் கதவைத் தள்ள முடியாமல் தோளால் தள்ளினான்.

தம்பி, உன் கடிதம் வந்தபோது எனக்கு ஞாபகம் இல்லை என்று சொன்னேனே, அதைக்கூட ஒரு நிமிடத் தடுமாற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம். இது அப்படியல்ல. எனக்கு எல்லாம் தெரிந்து, அவன் கண்ணுக்கு முன்னால், என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட இருந்தபோது அம்மா சோற்றைப் போட்டுவிட்டு நின்றா. "என்ன, சாப்பிடாமல் கையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறியள்?" என்று கேட்டா. அப்போதுதான் அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவ சோற்றுச் சட்டியைத் திரும்ப அடுப்படியில் கொண்டுபோய் வைத்தா. பிறகு, "பிள்ளையைப் பொய்யன் ஆக்கிப்போட்டு இவ்வளவு நாளும் என்னட்டையும் சொல்லாமல் இருந்திருக்கிறியள்" என்றா. எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அம்மா என்னோடு இரண்டு கிழமை பேசாமல் இருந்தது இது ஒரு தரந்தான்.

மறுநாளே குறிப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு செயலாளரிடம் போனேன். பக்கத்தைத் திறந்து வைத்தேன். தொழிலாளியின் பத்திரத்தையும் திருத்தவேண்டும் என்றேன். அவர் வாசித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நூறு வருடத்துக்கு முந்திய சேறு. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. நீங்கள்தானே ஞாபகம் இல்லை என்றீர்கள்?" என்றார். அது நியாயமான கேள்வி. நான் சபைக்கு எழுத்தில் கொடுத்தேன், ஒளிக்காமல், நான் சொன்ன பொய்யையும் சேர்த்து. அடுத்த கூட்டத்தில் என் கடிதத்தை வாசித்தார்கள். பிறகு குப்பை வண்டி புறப்படுகிற நேரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். என் கடிதம் பெற்றுக்கொள்ளப்பட்டது. மறுநாள் அந்தக் குறிப்பைக் கோப்பில் வைத்தவனும் நான்தான். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தைப் பற்றி உனக்கு எழுத வேண்டியதில்லை; எனக்கு முந்தி நீ அதை அனுபவித்திருக்கிறாய், ஒரு அப்பனும் உன் பக்கம் இல்லாமல்.

போன சனிக்கிழமை பாலர் பள்ளிக் கட்டடத்தைப் பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். பள்ளிக்கூட விடுமுறை முடியப் பிள்ளைகள் சேர்க்கிறார்கள். வண்டில்காரனின் மனுவை நான் படி எடுத்து, அதற்குக் கீழே என் புத்தகத்தில் எழுதியது பொய் என்று ஆங்கிலத்தில் அடித்து, சங்கத்து ரோனியோவில் ஓட்டினேன். வாசலில் நின்று கொடுப்பது என்று தீர்மானம். அம்மா சேலையை மாற்றிக்கொண்டு வந்து, "நீங்கள் தனிய நிண்டால் விசரன் எண்டு நினைப்பினம், நானும் வாறன்" என்றா. படலைக்கு வெளியே இருவரும் நின்றோம். வெயில். பலர் கடதாசியை வாங்காமலே போனார்கள். சிலர் எங்களை ஏதோ மதப் பிரசாரக்காரர் என்று நினைத்தார்கள். ஒருவர் வாங்கி, மடித்து, எனக்கு எதிரிலேயே குப்பைத் தொட்டியில் போட்டார். செயலாளர் உள்ளே நின்று என்னைப் பார்த்தார். திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, இனி நிலவறையில் எனக்கு வேலை இருக்குமா என்பது மாத முடிவில் தெரியும் என்றார். தெரியட்டும்.

பிறகு ஒரு இளம் பெண் வந்தாள், நாலு வயதுப் பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு. கடதாசியை நின்று முழுவதும் வாசித்தாள். பிள்ளை படலைக்குள் ஓடப் பார்க்க, அதன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தன்னோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"அந்தப் புத்தகத்தை எழுதியவர் நீங்களா?" என்று கேட்டாள்.

"ஆம்" என்றேன்.

"அப்படியென்றால் அது பிழையென்று உங்களுக்கு யார் சொன்னது?"

வழியெல்லாம் நான் ஆங்கிலத்தில் பாடமாக்கிக்கொண்டு வந்ததை விட்டுவிட்டேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"என் மகன்" என்றேன். "அவன்தான் முதலில் சொன்னான். அவன் சொல்வது பொய்யென்று நான் சொன்னேன். அவன் சொன்னதுதான் உண்மை."

அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். என் கையில் இருந்த கடதாசியில் அரைவாசியை வாங்கிக்கொண்டு படலையின் மற்றப் பக்கம் போய் நின்றாள்.

முன்பின் தெரியாத ஒருத்தியிடம் மூன்று வசனத்தில் சொல்லி முடித்துவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் ஏழு மாதமும் இத்தனை பக்கமும் வேண்டியிருந்தது.

அப்பா